ஊட்டி மார்க்கெட் பக்கம் பாய் பிரேம் கடை: அம்மாவின் படத்தைக் கொடுத்த அனுபவம்

ஊட்டியில் சாமி படத்துக்கு பிரேம் போட நல்ல இடம் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பாய் கேட்டுக்கொண்டார். மார்க்கெட்டிலிருந்து இறங்கும் வழியில், ஒரு ஆள் மட்டும் நின்று வேலை செய்கிற சின்னக் கடை, விசாரித்தால் காட்டுவார்கள்.

நான் கொடுத்தது அம்மாவின் இறை இரக்க ஆண்டவர் படம், இயேசுவின் நெஞ்சிலிருந்து இரண்டு கதிர்கள் வருகிற படம். அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. தினமும் மதியம் மூன்று மணிக்கு அதன் முன்னால் உட்கார்ந்து இறை இரக்க செபமாலை சொல்வார். முன்பு கீழே சமவெளியில் ஒரு கடையில் போட்ட பிரேம் நம் ஊர் ஈரத்துக்குத் தாங்கவில்லை, ஓரச் சட்டமான பீடிங் ஊதி, கண்ணாடிக்குள் பூஞ்சை ஏறிவிட்டது. பாய் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அக்கா, இந்த ரெண்டு கதிரும் என்ன கலர்ல இருக்கணும்?" என்று கேட்டார். சிவப்பு இரத்தம், வெளிர் நிறம் தண்ணீர் என்றேன். அப்புறம் 1931-இல் போலந்தில் கன்னியர் பவுஸ்தீனா கண்ட காட்சி, 1934-இல் ஓர் ஓவியர் அதை முதலில் வரைந்தது, 2000-இல் இரண்டாம் ஜான் பால் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்த அன்றே ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறை இறை இரக்க ஞாயிறு என்று அறிவித்தது என்று, கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பொறுமையாகக் கேட்டார்.

அன்று சாயங்காலமே போன். "அக்கா, படத்துக்குப் பின்னாடி பென்சில்ல ஏதோ பேருங்க எழுதியிருந்துச்சு. அட்டையை உரிக்கும்போது கிழிச்சுட்டேன். மெதுவா எடுத்திருக்கணும், அவசரப்பட்டது நான்தான்."

அங்கே எழுத்து இருப்பதே எனக்குத் தெரியாது. சொல்லாமல் புது அட்டை வைத்து மூடியிருந்தால் கடைசி வரை தெரிந்திருக்காது. ஆனாலும் அம்மாவின் கையெழுத்து என்றதும் வாய்க்கு வந்தபடி பேசி போனை வைத்துவிட்டேன். மறுநாள் காலைப் பூசையில் "எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் பொறுப்பதுபோல" என்ற இடத்தில் எனக்குச் சத்தம் வரவில்லை. ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்கால் போடும்போது நானே இவ்வளவு நேராகச் சொன்னதில்லை. கோபப்பட்டேன் ஃபாதர், ஆனால் அவங்க பேசினதுக்குத்தான் என்று கூடவே ஒரு "ஆனால்" வந்துவிடும். பாய் பேச்சில் அது இல்லை.

கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா" என்றவர் படத்தைத் திருப்பிக் காட்டினார். ராத்திரி உட்கார்ந்து கிழிந்த துண்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, பின்பக்கமும் படிக்கிற மாதிரி இன்னொரு கண்ணாடி போட்டிருந்தார். பாவமன்னிப்பு கொடுத்தாலும் ஃபாதர் பரிகாரம் சொல்லித்தான் அனுப்புவார், கெடுத்ததைச் சரிசெய்கிற கடமை அதோடு போய்விடுவதில்லை. இவருக்கு அதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மொத்தம் பதினொரு பெயர்கள். ஆறாவது, வீட்டுப் பங்கு விஷயத்தில் அம்மாவை அழவைத்த உறவுக்காரருடையது. பாதி எழுத்து கிழிசலில் போயிருந்தாலும் யாரென்று தெரிந்தது. அவருக்காகவும் அம்மா இத்தனை வருடம் வேண்டியிருக்கிறார், எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது மூன்று மணிக்கு நான் அந்தப் பதினொன்றையும் படிக்கிறேன். ஆறாவது வரும்போது இன்னும் குரல் இறங்கித்தான் வருகிறது.

கூலி வேண்டாம் என்றார், நான் விடவில்லை, 900 ரூபாய் கொடுத்தேன். பொறுத்துக்கொண்டது வேறு, செய்த வேலைக்குக் கூலி வேறு. குறை என்றால், மர பீடிங்கில் இரண்டு மூன்று வகைதான் இருக்கிறது. இரண்டு கண்ணாடி என்பதால் கனமும் அதிகம், நல்ல ஆணியாக அடியுங்கள். மழை அடிக்கிற சுவரில் மாட்டக் கூடாது, பின்னால் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டி, சுவரைத் தொடாமல் காற்றுப் போக இடம் விட வேண்டும் என்று பாய் சொல்லி அனுப்பினார். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார், மூன்று மணிக்கு மேல் போங்கள்.