ஆராய்ச்சிக்கு வரும் டாக்டருக்கு ஃபெலோஷிப்பா, ப்ராஜெக்ட் நிதியா?

வார்டு பார்த்துக்கொண்டே ஆராய்ச்சியும் செய்ய ஆசைப்படும் டாக்டர்கள் சேலத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) போன்ற அமைப்பிடம் ப்ராஜெக்ட் நிதி வாங்கி, வழக்கமான டியூட்டியோடு சேர்த்துச் செய்யலாம். இல்லையென்றால் ஆராய்ச்சி செய்பவருக்கே உதவித்தொகை தரும் ஃபெலோஷிப்புக்குப் போகலாம். நான் ஃபெலோஷிப் வாங்கினேன். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன்.

நெறிமுறைக் குழு அனுமதி இரண்டுக்குமே வேண்டும். மருந்துப் பரிசோதனை என்றால் சிடிஆர்ஐ என்ற தேசியப் பதிவேட்டில் பதிவும் வேண்டும். அதில் பேச ஒன்றுமில்லை.

ப்ராஜெக்ட் நிதி ஆய்வுக்கு வருகிறது: கிட், கருவி, உதவியாளர் சம்பளம். ஃபெலோஷிப் ஆளுக்கு வருகிறது. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் டிரஸ்டும் சேர்ந்து 2008-இல் தொடங்கிய இந்தியா அலையன்ஸ், டாக்டர்களுக்கென்றே ஐந்தாண்டு ஃபெலோஷிப்புகளைத் தந்திருக்கிறது. இப்படிப்பட்ட ஃபெலோஷிப்பில் ஆராய்ச்சிக்கென்று நேரம் ஒதுக்கித் தரப்படுகிறது. எல்லாமே அந்த நேரத்தில்தான் இருக்கிறது.

என் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி விரியன் கடித்தால் சிறுநீரகம் அடிபடலாம். டிஸ்சார்ஜ் ஆகும்போது நன்றாக இருக்கிறார் என்பது போதாது. பாதிப்பு மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிறதா என்று பார்த்தால்தான் அது நாள்பட்ட சிறுநீரக நோயா என்பது தெரியும். அப்படிப் பார்க்க வேண்டிய ஆள் ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவர் ஏன் கீழே வரப்போகிறார்? நாம்தான் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போக வேண்டும், அதுவும் அவர் வீடு திரும்பும் சாயங்காலத்தில். உதவியாளரை அனுப்பலாமே என்பார்கள். ரத்தம் எடுத்துவர அவர் போதும். பாதிப்பு கடியால் வந்ததா, ஏற்கெனவே இருந்த சர்க்கரை நோயாலா என்று விசாரித்துப் பிரிக்க டாக்டர்தான் வேண்டும். முழு ஓபியும் நைட் டியூட்டியும் பார்க்கிறவரால் இது முடியாது. தொடர் பரிசோதனைக்கு வராதவர்கள் கூடக்கூட ஆய்வின் முடிவை நம்ப முடியாமல் போகும்.

ஆனால் ஃபெலோஷிப் கிடைத்தாலே நேரம் தானாக வந்துவிடாது. எந்தெந்த நாள் ஆராய்ச்சிக்கு, அன்றைக்கு உங்கள் ஓபியை யார் பார்ப்பார், அவசர அழைப்பு யாருக்குப் போகும் என்பதையெல்லாம் நிர்வாகத்திடம் எழுதி வாங்குங்கள். அதைவிட முக்கியம், அந்த வேலையைச் சுமக்கப்போகும் சக டாக்டரிடம் முதலிலேயே பேசுவது. அவர் மனசு வைக்காவிட்டால் வார்டிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும்.

சரி, ப்ராஜெக்ட் நிதி யாருக்குப் பொருந்தும்? பழைய கேஸ் ஷீட்டிலோ வார்டுக்குள்ளேயோ முடிந்துவிடும் கேள்வி என்றால் அதுவே போதும். சாயங்கால கிளினிக் வருமானத்தை நம்பி வீட்டுக்கடன் வாங்கியவர்களும் யோசிக்க வேண்டும். தனியார் பிராக்டிஸை எவ்வளவு அனுமதிப்பார்கள் என்பது ஃபெலோஷிப்புக்கு ஃபெலோஷிப் மாறும், விதிகளைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

நான் தனியார் மருத்துவமனையில் இருப்பவன். அரசுப் பணியில் இடமாற்றமும் துறை அனுமதியும் குறுக்கே வரக்கூடும், அங்கே இருப்பவர்கள் சொல்வதற்குத்தான் எடை அதிகம். ஆய்வகத்துக்குள்ளேயே நடக்கும் ஆராய்ச்சிக்கும் என் கணக்கை அப்படியே பொருத்த வேண்டாம்.