பசுவுக்கு வால் எபிடூரல்: லிக்னோகெய்னா, சைலசினா, இரண்டும் சேர்த்தா?

வெளியே தள்ளிய கருப்பையை உள்ளே செலுத்த முயன்றவர்களுக்குத் தெரியும்: நாம் ஒரு பிடி உள்ளே தள்ளினால் பசு முக்கி இரண்டு பிடி வெளியே தள்ளும். அந்த முக்கலை நிறுத்தாமல் மல்லுக்கட்டினால் கருப்பைச் சுவர் கிழியும், பசுவும் தவிக்கும். அதற்குத்தான் வால் எபிடூரல்: வாலடியில் முதுகெலும்புக் குழாய்க்குள், தண்டுவட உறைக்கு வெளியே மருந்தைச் செலுத்தி, பின்பகுதியை மரக்கச் செய்வது.

எந்த மருந்தானாலும் ஊசி இறங்கும் இடம் ஒன்றே. வாலை மேலும் கீழும் ஆட்டினால், முதல் இரண்டு வால் எலும்புகளுக்கு நடுவே உள்ள பள்ளம் விரலுக்கடியில் திறந்து மூடும். அங்கே ஊசியை இறக்கி, அதன் வாயில் ஒரு துளி மருந்தை விட்டால், சரியான இடத்தில் அந்தத் துளி உள்ளே உறிஞ்சப்படும்.

மரக்கச் செய்யும் மருந்தான லிக்னோகெய்ன், 2 சதவீதக் கரைசலில், 500 கிலோ பசுவுக்கு 5 மில்லி போதும். 5 முதல் 10 நிமிடத்தில் வால் துவண்டு தொங்கும். வேகத்தில் இதற்கு நிகரில்லை. ஆனால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நடையை இயக்கும் நரம்புகளையும் இது மரக்கச் செய்வதால், அளவு மிஞ்சினால் பின்னங்கால்கள் மடங்கிப் பசு விழுந்துவிடும். அப்படி விழுந்ததில் தொடை எலும்பு முறிந்தால் யார் பொறுப்பு? அளவில் தாராளம் காட்டவே கூடாது.

மயக்கமும் வலிநீக்கமும் தரும் சைலசின், உடல் எடையில் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம், ஊசிக்கான உப்புநீரில் (சலைன்) கலந்து. வேலை செய்ய 20 நிமிடத்துக்கு மேல் ஆகும், பலன் சுமார் மூன்று மணி நேரம் நிற்கும். ஆனால் மருந்து உடலெங்கும் பரவுவதால் பசு மயங்கித் தலை தொங்கும், எச்சில் ஒழுகும், அசைபோடுவது நிற்கும். நிறைமாதப் பசுவில் கருப்பையைச் சுருங்கவைக்கும் குணமும் இதற்கு உண்டு. தனியாக இதை நான் விரும்புவதில்லை.

இரண்டையும் சேர்த்தால் லிக்னோகெய்னின் வேகமும் சைலசினின் நீளமும் கிடைக்கும். ஐந்து மணி நேரம் வரைகூடத் தாங்கும். கருப்பை வெளித்தள்ளலுக்கு என் தேர்வு இதுதான். உள்ளே வைத்துத் தைத்த பிறகும் முக்கல் திரும்பினால் தையல் பிய்ந்துவிடும் என்பதே காரணம்.

கன்று சிக்கிய பிரசவத்துக்கு லிக்னோகெய்ன் மட்டும் போதும். கருப்பை தொடர்ந்து சுருங்கும். வயிற்றை இறுக்கி முக்குவதுதான் நிற்கும். தாயின் முக்கலை நம்பிக் கன்றை எடுக்க நினைத்தால் எபிடூரலே வேண்டாம்.

விலாவில் கீறும் அறுவைக்கு இவை எதுவும் போதாது. அங்கே தனியாக மரக்கச் செய்தாக வேண்டும். எபிடூரல் தீர்ந்தபின் வரும் வலிக்கு மெலாக்சிகாம் போன்ற வலிநிவாரணியையும் முன்பே போட்டுவிடுங்கள்.