ஜெர்மனி காரை லண்டனுக்குக் கொண்டுபோவதா, விற்றுவிட்டுப் போவதா?

பழகிய காரை விட மனம் வராதுதான். பன்னிரண்டு மாதமாவது பிரிட்டனுக்கு வெளியே குடியிருந்து, காரையும் ஆறு மாதம் சொந்தமாக ஓட்டியிருந்தால், குடிபெயர்வோருக்கான சலுகைக்கு விண்ணப்பிக்கலாம். 10% சுங்கமும் 20% வாட் வரியும் மிச்சம். ஆனால் வந்த பிறகு ஓராண்டுக்கு விற்கவோ, வாடகைக்கு விடவோ, இரவல் கொடுக்கவோ கூடாது.

வண்டி வந்த 14 நாளுக்குள் வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அப்புறம்தான் உண்மையான செலவு: ஹெட்லைட் இடப்பக்கச் சாலைக்கு ஏற்றபடி மாற வேண்டும், ஸ்பீடோமீட்டர் மைலில் காட்ட வேண்டும், பின்பக்க மூடுபனி விளக்கு நடுவிலோ வலப்பக்கமோ இருக்க வேண்டும். இதெல்லாம் முடிந்து சான்றிதழ் வாங்கினால்தான் புது நம்பர் பிளேட்.

ஸ்டியரிங் மட்டும் இடப்பக்கமே இருக்கும். கார் பார்க் வாசலில் டிக்கெட் எடுக்கப் பக்கத்து சீட்டைத் தாண்டிக் கை நீட்ட வேண்டும். லாரியை முந்தும்போது எதிரே வருவது தெரியாது. பின்னால் விற்கப் போனாலும் விலை அடிபடும்.

விற்றுவிட்டால் அங்கே வலப்பக்க ஸ்டியரிங் கார் ஒன்றை வாங்கி, வரியும் இன்சூரன்ஸும் கட்டி அன்றைக்கே ஓட்டலாம். கார் ஓரளவு புதிது, சலுகையும் உறுதி என்றால் கொண்டுபோகலாம். பழைய கார் என்றால் நான் விற்கத்தான் சொல்வேன்.