காஷ்மீர் ஏரிகளா, ஹம்ப்டா கணவாயா?

வழிகாட்டியோடு இமயமலை நடைப்பயணம் போக விரும்புகிறவர்கள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள். இரண்டு பாதைகளுமே ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரத்தைத் தொடுகின்றன. ஆகவே உயரத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

ஹம்ப்டா குறுகியது. இமாச்சலில் மணாலிக்கு அருகே ஜோப்ராவில் தொடங்கி, நான்கைந்து நாளில் சத்ரு என்ற இடத்தில் முடிந்துவிடும். கணவாய்க்கு இந்தப் பக்கம் குலு பள்ளத்தாக்கின் பசும்புல்லும் காட்டுப்பூக்களும். அந்தப் பக்கம் இறங்கினால் லாஹௌல் பள்ளத்தாக்கின் மொட்டைப் பாறைகள். பருவமழை மேகங்களை மலை மறித்துக்கொள்வதால் ஒரே நாள் நடையில் நிலம் இப்படி அடியோடு மாறுகிறது. அதற்காகவே போகலாம். ஆனால் ஏற்றம் வேகமானது, உயரத்துக்கு உடல் பழக அவகாசம் குறைவு. தலைவலி வந்தால் தயவுசெய்து மறைக்காதீர்கள். உடனே வழிகாட்டியிடம் சொல்லுங்கள்.

காஷ்மீர் பாதை சோனாமார்க்கிலிருந்து நாராநாக் வரை சுமார் 70 கி.மீ. விஷன்சர், கிருஷன்சர், கட்சர், கங்காபல் என ஏரிக்குப் பின் ஏரி. கட்சர் கணவாயில் ஏறி நின்று திரும்பினால், விஷன்சரும் கிருஷன்சரும் கீழே அடுத்தடுத்து நீலமாகக் கிடக்கும். இதற்கு ஈடாக ஹம்ப்டாவில் எதுவும் இல்லை என்பேன். நடுவழியில் முழங்கால் மக்கர் செய்தால் சாலை எதுவும் பக்கத்தில் கிடையாது. ராணுவச் சோதனைக்கு அசல் அடையாள அட்டை அவசியம்.

ஒரு வார விடுப்பும் பழகிய கால்களும் இருந்தால் காஷ்மீர். ஜூனில்தான் விடுப்பு என்றால் ஹம்ப்டா. ஏரிப் பாதையில் பனி விலக ஜூலை ஆகிவிடும்.