கல்வெட்டின் முன் 11 அங்குலத் திரை

கும்பகோணத்தில் ஒரு கடையில் 11 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட் ஒன்றை வாங்கி மூன்று வாரம் ஆகிறது. இருபதாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் கிடைப்பவை பெரும்பாலும் ஒரே வார்ப்பில் எடுத்தவை போலவே இருப்பதால், நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டு, அந்த அளவுள்ள எந்த டேப்லெட்டுக்கும் பொருந்தக்கூடியவற்றையே எழுதுகிறேன். நான் இதைப் படம் பார்ப்பதற்காக வாங்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளமான அதிட்டானத்தில் உள்ள கல்வெட்டுகளை அச்சுப் பாடத்தோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும் என்பது பணி ஓய்வு பெற்ற நாளிலிருந்து இருந்துவரும் ஆசை. அதற்கு வேண்டிய தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியைக் கையில் சுமந்துகொண்டு பிராகாரத்தைச் சுற்றுவது என் வயதில் ஆகிற காரியம் அன்று.

11 அங்குலம் என்று பெட்டியில் போட்டிருப்பது மூலைக்கு மூலை அளவு. நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் ஏறத்தாழ 14.8 செ.மீ., உயரம் 23.7 செ.மீ. வருகிறது. நம் பதிப்பகத்தார் டெம்மி என்று சொல்லும் புத்தக அளவு ஏறத்தாழ 14 செ.மீ.க்கு 21.5 செ.மீ. என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தத் திரையின் அருமை விளங்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கும் பழைய நூல்களில் டெம்மி அளவில் அச்சானவை இதில் சுருங்காமல், தாளில் இருந்த அதே எழுத்தளவில் நிற்கின்றன. அண்ணன் மகனிடம் உள்ள 8 அங்குலக் கருவியில் அதே பக்கத்தை இரண்டு விரலால் விரித்து, வரிக்கு வரி இடமும் வலமுமாக இழுத்துத்தான் படிக்க முடிந்தது. கல்வெட்டுத் தொகுதியின் தாள் டெம்மியைவிடப் பெரியது என்பதால் அதைப் படுக்கைவாட்டில் வைத்துப் பாதிப் பாதியாகப் படிக்கிறேன். 1920க்கு 1200 புள்ளிகள் கொண்ட இத்திரையில் அங்குலத்துக்கு 206 புள்ளிகள் அமைகின்றன. தமிழ் எழுத்துக்கு அது தாராளம். ஆனால் வடமொழிச் சொற்களை எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய கூட்டெழுத்துகளையும் அடிக்குறிப்பின் பொடி எழுத்துகளையும் பெரிதாக்காமல் படிக்க இயலவில்லை.

கோயிலில்தான் உண்மையான சோதனை. மாசி மாதத்து ஒரு காலையில் போயிருந்தேன். கல்லில் வெட்டிய எழுத்து நேர் வெளிச்சத்தில் மங்கி, வெயில் சாய்வாக விழும்போதுதான் பள்ளமும் மேடுமாக எழுந்து நிற்கும் என்பது கல்வெட்டுப் படிப்பவர் எவருக்கும் தெரியும். டேப்லெட்டுக்கோ அதே வெயில் ஆகவே ஆகாது. ஒளியைக் கடைசிவரை கூட்டி வைத்தும் திரையில் என் முகமும் பின்னால் இருந்த வானமும்தான் தெரிந்தன. கல்லுக்கு வெயிலும் கண்ணாடிக்கு நிழலும் ஒரே இடத்தில் வேண்டியிருந்ததால், தோளில் கிடந்த துண்டைத் தலையோடு போர்த்தி, அதற்குள் திரையைப் பிடித்துக்கொண்டு படித்தேன். (அருகே வந்த ஒரு பாட்டி நான் ஏதோ வேண்டுதலில் இருப்பதாக எண்ணிச் சற்றுத் தள்ளியே நடந்தார்.) தமக்கை குந்தவையை ராஜராஜன் அக்கன் என்று குறிப்பிடும் பகுதியைத் திரையில் ஒரு கண்ணும் கல்லில் ஒரு கண்ணுமாக எழுத்தெழுத்தாகத் தொடர்ந்த அந்த அரை மணி நேரத்துக்கே கொடுத்த பணம் தகும் என்று தோன்றியது. அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடைதான். ஆனாலும் ஒற்றைக் கையில் நெடுநேரம் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கிறது.

விளம்பரத்தில் பெரிதாகப் பேசப்படும் எட்டு மையச் செயலியால் என் வேலைக்குக் கண்ட பயன் குறைவு. 4 ஜிபி நினைவகத்தில் ஸ்கேன் செய்த கனமான பிடிஎஃப் கோப்பைத் திறந்து பக்கம் புரட்டினால், ஒவ்வொரு பக்கமும் ஓரிரு நொடி வெள்ளையாக நின்ற பிறகே எழுத்து வருகிறது. வீட்டுக் கணினியில் கோப்பை ஐம்பது ஐம்பது பக்கமாகப் பிரித்து மெமரி கார்டில் ஏற்றிய பின் அந்தத் தாமதம் பொறுத்துக்கொள்ளும் அளவுக்குக் குறைந்தது. கார்டு போடும் வசதி இல்லாத மாதிரியை இந்தப் பயன்பாட்டுக்கு வாங்க வேண்டாம்.

தட்டச்சில் குறை சொல்ல அதிகம் இல்லை. 1999ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 என்னும் விசைப்பலகை முறையில் பழகிய விரல்கள் எனக்கு. செல்லினம் செயலியை நிறுவியதும் அந்த விசைப்பலகை அகலத் திரையில் வசதியாக விரிந்து கொடுத்தது. கடைக்காரத் தம்பி “சார், கீபோர்டு கவரும் சேர்த்து எடுத்துக்கோங்க” என்று வற்புறுத்தினார், எடுக்காதது நல்லதாயிற்று.

நில அளவில்தான் சிக்கல். வேலி, மா, காணி, முந்திரி என்று கல்வெட்டில் வரும் கணக்கு, மா என்றால் 33 சென்ட் என்று இன்றும் பேசும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்நியமானதன்று. வேலியில் இருபதில் ஒரு பங்கான மாவுக்கும், எண்பதில் ஒரு பங்கான காணிக்கும், முந்நூற்று இருபதில் ஒரு பங்கான முந்திரிக்கும் பழந்தமிழில் தனித்தனிக் குறிகள் இருந்தன. அவை 2019ஆம் ஆண்டில், கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடிலும் இடம் பெற்றுவிட்டன. ஆனால் என் டேப்லெட்டில் அவை வெறும் கட்டங்களாகவே தெரிகின்றன, விசைப்பலகையிலும் அவற்றுக்கு விசை இல்லை. மென்பொருள் புதுப்பிப்பு ஒருமுறை வந்தது. கட்டங்கள் அப்படியே இருக்கின்றன.

காலையில் முழு மின்னேற்றத்தோடு பேருந்து ஏறி, நாள் முழுதும் படித்துவிட்டு இருட்டிய பின் வீடு திரும்பியபோது 38 விழுக்காடு மீதமிருந்தது. வெயிலில் ஒளியைக் கூட்டி வைத்த பொழுதுதான் மின்கலம் விரைவாக இறங்கியது. கருவியின் முதுகும் சுட்டது. சித்திரை பிறப்பதற்குள் மேற்குப் பக்கத்தை முடித்துவிட வேண்டும் என்று பார்க்கிறேன்.