தொடும் கையிலிருந்தும் துடைக்கும் துணியிலிருந்தும்: நிறுத்தி வைத்த ஸ்போர்ட்ஸ் காரை எது காக்கும்?

போன வருடம் வைகாசியில் ஒரு கல்யாணத்துக்கு என் போர்ஷே கேமனை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கறுப்பு வண்டி. மண்டபத்து வாட்ச்மேன் அண்ணன் "இங்கயே விடுங்க தம்பி, நான் பாத்துக்கறேன்" என்று தன் நாற்காலிக்கு எதிரிலேயே இடம் பிடித்துக் கொடுத்தார். இரண்டு மணி நேரம் கழித்து வந்தபோது ஒருவரையும் கிட்டே விடவில்லை என்றார். உண்மைதான், விடவில்லை. ஆனால் வண்டியில் தூசி படிந்திருந்தது பொறுக்காமல், தோளில் கிடந்த துண்டை எடுத்து பானெட்டையும் கதவுகளையும் அழுத்தித் துடைத்து வைத்திருந்தார். வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல்கள். அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல மனம் வரவில்லை. நூறு ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். டீடெய்லிங் கடையில் இரண்டு நாள் பாலிஷ் போட்ட பிறகுதான் அந்தக் கீறல்கள் பெரும்பாலும் போயின.

அன்றைக்குப் புரிந்ததுதான் இந்த அலசலுக்கு அடிப்படை. விரல் பட்டதனால் மட்டும் பெயிண்டில் கீறல் விழுவதில்லை. விரலுக்கும் பெயிண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் தூசிதான் கீறுகிறது. காரின் பெயிண்டுக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான் கனம்தான். தலைமுடியை விட மெல்லியது. நம் கடற்கரை மணலில் நிறைய இருக்கும் குவார்ட்ஸ், கிளியர் கோட்டை விடப் பல மடங்கு கடினம். பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் மாலை முழுக்க நின்ற வண்டியின் மேல் அந்த மணல்தூள் படிந்திருக்கும். அதன் மேல் ஒரு கை வழுக்கிக்கொண்டு போனால் போதும். பாலிஷ் போட்டுச் சரிசெய்யலாம் என்றாலும், ஒவ்வொரு பாலிஷும் அந்த 40 மைக்ரானிலிருந்து கொஞ்சம் தின்றுவிடும். திரும்ப வளராத பொருள் அது.

ஆகவே நான் ஒவ்வொன்றையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன். அது கையைத் தடுக்கிறதா, கை பட்டதைச் சொல்கிறதா, கை பட்டாலும் தாங்குகிறதா? கடைக்காரர்கள் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழைத்து "பாதுகாப்பு" என்று விற்கிறார்கள். அங்கேதான் பணம் வீணாகிறது.

முதலில் எல்லோரும் சொல்வது பாடி கவர். அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் நாள்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. உருவம் மறைந்துவிட்டால் யாருக்கும் கிட்டே வரத் தோன்றாது. உள்பக்கம் மெத்தென்ற பருத்தித் துணி இருக்க வேண்டும், கழுவித் துடைத்த வண்டிமேல் மட்டும் போட வேண்டும். தெருவில் அதே கவர் எதிரியாகிவிடும். ஓட்டி வந்த தூசியோடு போர்த்தினால், கடற்காற்றில் அது படபடக்கும் ஒவ்வொரு தடவையும் தூசி உரசும். மழைக்காலத்தில் ஈரம் உள்ளேயே நிற்கும். சைலன்சர் ஆறுவதற்கு முன் போட்டால் துணி உருகி ஒட்டிக்கொள்ளும். அதையெல்லாம் விடுங்கள், ஈசிஆரில் ஒரு ஓட்டல் வாசலில் போர்த்திவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் இரண்டு பேர் ஓரத்தைத் தூக்கி என்ன வண்டி என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் கவர் வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தேன்.

அடுத்து அலாரமும் கேமராவும். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பார்கள், ஆனால் வேலை வேறு. கம்பெனியிலிருந்து வண்டியோடு வரும் அலாரம், கதவு திறந்தாலோ, உள்ளே அசைவு தெரிந்தாலோ, வண்டியைச் சாய்த்துத் தூக்கினாலோ கத்தும். பானெட்டைத் தடவினால் கத்தாது. அதற்காகத் தனியாக அதிர்வு சென்சாரும், ஆள் நெருங்கினாலே உணரும் சென்சாரும் பொருத்துகிறார்கள். இதில் ரொம்பப் பழைய பெயர் அமெரிக்காவின் வைப்பர். "வண்டியை விட்டு விலகி நில்லுங்கள்" என்று அந்த அலாரத்தில் பேசிய குரல், அந்த கம்பெனியை நடத்திய டேரல் ஐசாவுடையது. பின்னாளில் அவர் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். அங்கே காலி வாகன நிறுத்தங்களில் அது பயனாக இருந்திருக்கலாம். நம் ஊர்த் தெருவில் ஒரு காருக்கும் அடுத்த காருக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கத்தான் இடம் இருக்கிறது. நடந்துபோகிறவர் எல்லோரும் சென்சாருக்குத் திருடர்கள்தான். புல்லட் போனால் கத்தும், தீபாவளிக்கு இரவு முழுக்கக் கத்தும். அதோடு, பேசுகிற கார் என்றால் பிள்ளைகள் மறுபடி பேசவைக்கத் தொடுவார்கள். நண்பர் ஒருவர் வண்டியில் இதைக் கண்ணால் பார்த்தேன். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணிக்கு மேல் எல்லை 45 டெசிபல். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கும் தெருவில் நான் இதைப் பொருத்த மாட்டேன்.

கேமரா கையைத் தடுக்காது, சாட்சி சொல்லும். பார்க்கிங் மோட் உள்ள டேஷ்கேமை (முன் கண்ணாடியில் மாட்டும் கேமரா) ஹார்ட்வயர் கிட் வைத்து, அதாவது வண்டியின் மின் இணைப்போடு நேரடியாக இணைத்தால், வண்டி நிற்கும்போதும் அதிர்வு வந்தால் பதிவாகும். டெஸ்லா 2019-இல் கொண்டுவந்த சென்ட்ரி மோட் இதையே வண்டியின் சொந்தக் கேமராக்களைக் கொண்டு செய்கிறது. யாராவது நெருங்கினால் திரையில் எச்சரிக்கையும் காட்டும். என் அனுபவத்தில் கேமராவின் பயன், இடித்துவிட்டுப் போகிறவனைப் பிடிப்பதில்தான். ஒருமுறை மால் பேஸ்மெண்டில் பின் பம்பரை உரசிவிட்டுப் போன வண்டியின் நம்பர் கிடைத்தது, உரிமையாளர் பணமும் கொடுத்தார். ஆனால் மென்மையாகத் தடவிய கை அதிர்வு சென்சாருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தாலும் என்ன செய்வது? தொட்டது குற்றமில்லை. வேண்டுமென்றே கீறினால்தான் பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆம் பிரிவு, அதாவது சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் செயல் என்ற பேச்சே வரும். இன்னொன்று, வாரத்துக்கு ஒருமுறை ஓடும் வண்டியில் கேமரா பேட்டரியைக் குடித்துவிடும். மின்னழுத்தம் சுமார் 12 வோல்ட்டுக்கு இறங்கும்போது தானே நின்றுவிடும் கிட் இல்லாமல் போடாதீர்கள். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் 60 டிகிரியைத் தாண்டும், அதனால் லித்தியம் பேட்டரி இல்லாமல் சூப்பர் கெப்பாசிட்டர் வைத்த கேமராவாகப் பார்த்து வாங்குங்கள்.

இப்போது தாங்கும் வகை. பெயிண்ட் மேல் திரவமாகப் பூசும் செராமிக் கோட்டிங்கா, மேலே ஒட்டும் பிபிஎஃப் படலமா என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. கைபடுவதைப் பற்றி மட்டும் கேட்டால் இதில் போட்டியே கிடையாது, பிபிஎஃப்தான். செராமிக் காய்ந்த பின் ஓரிரு மைக்ரான் கனம் இருக்கும். தண்ணீர் வழுக்கி ஓடும், தூசி எளிதில் கழுவப்படும், விரல் ரேகை சீக்கிரம் போகும். அதுவரை நல்லதுதான். ஆனால் "9எச் கடினம், கீறலே விழாது" என்று சொன்னால் நம்பாதீர்கள். அந்த 9எச் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. குவார்ட்ஸ் மணலுக்கு அது ஒரு தடையே இல்லை.

பிபிஎஃப் என்பது பாலியூரித்தேன் படலம். வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளைக் காக்க உருவான யோசனையிலிருந்து வந்தது. கனம் 150 முதல் 200 மைக்ரான், அதாவது கிளியர் கோட்டைப் போல மூன்று நான்கு மடங்கு. நல்ல படலத்தில் மேலாக விழும் மெல்லிய கோடுகள் சூடு பட்டால் தானே மறைந்துவிடும். சென்னையில் அதற்குத் தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம், மதிய வெயிலில் நிறுத்தினால் போதும். ஆழமாக வெட்டினால் அந்த ஒரு பாகத்துக்கு மட்டும் உரித்து மாற்றலாம், அடியில் கம்பெனிப் பெயிண்ட் பத்திரமாக இருக்கும். பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது விருப்பமல்ல, கட்டாயம்: மேட்டில் பாலிஷ் போடவே முடியாது, போட்டால் அந்த இடம் மட்டும் பளபளவென்று தனியாகத் தெரியும். குறை விலைதான். முழு வண்டிக்கு லட்சத்தைத் தாண்டும். மலிவான பிவிசி படலத்தை பிபிஎஃப் என்று சொல்லி ஒட்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது நம் வெயிலில் மஞ்சளாகிவிடும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பணம் குறைவாக இருந்தால் கடையில் "முன்பக்கம் மட்டும் போடுங்க சார்" என்பார்கள். அந்த முன்பக்க பேக்கேஜ் நெடுஞ்சாலையில் தெறிக்கும் கல்லுக்காகப் பிறந்தது. கை விழும் இடம் அதுவல்ல. என் வண்டியைச் சுற்றி நிற்பவர்களைப் பல மாதம் கவனித்துப் பார்த்தேன். முதலில் கதவுக் கைப்பிடியின் பின்னால் இருக்கும் குழிக்குத்தான் விரல் போகிறது, நகக்கீறல் அங்கேதான். பிறகு கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்க்கும்போது கதவின் மேல்விளிம்பில் பெல்ட் பக்கிளோ கைப்பையோ உரசுகிறது. அப்புறம் பின் சக்கரத்துக்கு மேலே உப்பியிருக்கும் தோள், அதைத் தடவாமல் போகிறவர் குறைவு. அதன் பின் ஸ்பாய்லர். பிள்ளைகள் என்றால் கதவுக்குப் பின்னால் இருக்கும் காற்றுத் துவாரம். பானெட் இந்த வரிசையில் கடைசி. ஆகவே நிறுத்துமிடத்துக் கவலைதான் பெரியது என்றால் கைப்பிடிக் குழி, கதவுகள், பின் தோள்கள், இந்த மூன்றுக்கும் முதலில் படலம் போடச் சொல்லுங்கள். கடைக்காரர் வித்தியாசமாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

உலோகத் தூண்களில் பட்டையை இழுத்து மாட்டும் தடுப்பு கண்காட்சிக்குச் சரி, பொதுச் சாலையில் வைக்க நமக்கு உரிமை இல்லை. பாடியில் மெல்லிய மின்சாரம் விடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். தொடப்போவது பெரும்பாலும் ஒரு குழந்தை. பெயிண்டுக்கு ஈடாக வைக்கக்கூடிய உயிர் எதுவும் இல்லை. ஓட்டி வந்து நிறுத்தியவுடன் சைலன்சர் முனையும் பிரேக் டிஸ்க்கும் சுடும், அதற்காகவே முதல் பத்து நிமிடம் நான் வண்டிப் பக்கத்தில் நிற்பேன்.

டேஷ்போர்டில் ஒரு அட்டை வைத்தும் பார்த்தேன். "தொடாதீர்கள்" என்று எழுதியபோது பெரிதாகப் பலன் இல்லை. சிலருக்கு அது சவாலாகப் பட்டது. "படம் எடுத்துக்கொள்ளுங்கள், கை மட்டும் வேண்டாமே" என்று மாற்றினேன். விரல் ரேகைகள் கண்கூடாகக் குறைந்தன. வந்தவருக்கு வேண்டியது பெரும்பாலும் ஒரு போட்டோதான். அதற்கு அனுமதி உண்டு என்று தெரிந்தால் அவரே ஒரு அடி தள்ளி நிற்கிறார், முழு வண்டியும் படத்தில் விழ வேண்டுமே.

கையைத் தடுக்கும் வேலையில் இவை எல்லாவற்றையும் விட மேலானது ஒரு மனிதக் கண். வாலே பார்க்கிங்கில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதைச் சொல்லவில்லை. செக்யூரிட்டி உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நேர் எதிரே, ஒரு பக்கம் சுவர் இருக்கும் மூலையில் நிறுத்துவது. அவரிடம் இரண்டு நிமிடம் நின்று பேசுவது. போகும்போதல்ல, வந்தவுடனே ஐம்பதோ நூறோ கொடுப்பது. ஒரு மாதம் முழுக்க இப்படிச் செய்தாலும் ஒரு தடவை பாலிஷ் போடும் செலவு ஆகாது. ஆனால் என்ன செய்ய வேண்டாம் என்பதையும் அவரிடம் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டதுதான் வைகாசியில் நான் செய்த தவறு.

ஐப்பசியில் அதே மண்டபத்துக்கு இன்னொரு கல்யாணம். அதே அண்ணன்தான் வாசலில். கதவுகளுக்கும் பின் தோள்களுக்கும் அதற்குள் படலம் போட்டிருந்தேன், இருந்தாலும் இறங்கியவுடன் அவர் பக்கத்தில் போய் நின்றேன். "அண்ணே, தூசி இருந்தா இருக்கட்டும். துணி மட்டும் படாமப் பாத்துக்கங்க, தூசியோட தேச்சா கோடு விழுந்துடுது" என்று போன் டார்ச்சை அடித்து, பானெட் ஓரத்தில் பாலிஷுக்கும் போகாமல் மிச்சமிருந்த ஒரு கோட்டைக் காட்டினேன். குனிந்து நெடுநேரம் பார்த்தார். அது எப்படி விழுந்தது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சாப்பிட்டு வெளியே வந்தபோது மாப்பிள்ளை வீட்டுப் பையன் ஒருவன் கையில் கைக்குட்டையோடு வண்டியை நெருங்கிக்கொண்டிருந்தான். அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து போய் அவனை நிறுத்தி, போனை வாங்கி டார்ச்சை அடித்து, அந்தக் கோட்டைக் காட்டிக்கொண்டிருந்தார்.