18 அடிக்குத் தூணில்லாத மேல்மாடி: மூன்றரை ஆண்டு அனுபவம்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் கூடத்தின் மேலே, நடுவில் தூண் எதுவுமின்றி 18 அடி நீளத்துக்கு நிற்கும் 6 அங்குல உயர ஐ பீம்களின் (I எழுத்து வடிவ இரும்பு உத்திரங்களின்) மீது நாங்கள் குடியிருக்கத் தொடங்கி மூன்றரை ஆண்டுகள் ஆகின்றன. தெகிவளையில் மேல்மாடி எடுக்கவிருக்கும் நண்பர் ஒருவர், "நீங்கள் போட்டதையே நானும் போடவா?" என்று கேட்டார். வெல்டிங் பாஸ் வந்து தளத்தைத் திருத்திவிட்டுப் போனது சென்ற வாரந்தான் என்பதால் பதிலைச் சூடு ஆறுமுன் எழுதிவிடுகிறேன்.

நல்லதை மறைப்பது நியாயமில்லை. பழைய சுவர்களின் அத்திவாரம் கொங்கிரீட் தட்டைத் தாங்காது என்பது முதல் நாளே தெளிவாகிவிட்டது. 5 அங்குலத் தட்டு ஒரு சதுர மீற்றருக்கு 300 கிலோவுக்கு மேல் நிறுக்கும். சீமெந்துப் பலகையும் மாபிளும் சேர்ந்த எங்கள் தளம் 70 கிலோ அளவில் நிற்கிறது. மரத்தில் செய்வதானால் இந்த நீளத்துக்கு 10 அல்லது 12 அங்குல உயரமுள்ள நேரான, நன்கு காய்ந்த தீராந்திகள் வேண்டும். பலாவைத் தறிப்பதற்கே 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதி தேவைப்படும் நாட்டில் அவற்றைத் தேடி அலைய எனக்குப் பொறுமை இருக்கவில்லை. இரும்பில் கறையான் பயமில்லை. கடற்காற்றுக்கு ஒரேயொரு வெல்டிங் ஒட்டில் மட்டுமே துரு கண்டது. கீழ்ச் சீலிங்கில் இன்றுவரை வெடிப்பில்லை.

ஆனால் மேலே ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கிறது. யாராவது அறையைக் கடந்து நடந்தால் அதிலுள்ள தேநீர்க் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுக்கின்றன. மகன் ஓடினால் அல்ல, என் மாமியார் மெதுவாக நடந்தாலே போதும். கோப்பைகளுக்கு அடியில் துணி விரித்தோம், அலுமாரியைச் சுவரோடு ஆணியடித்து இறுக்கினோம். அதன் பிறகு கண்ணாடிக் கதவு அதிரத் தொடங்கியது.

எரிச்சலில் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4 அடிக்கு ஒன்றாக வைத்த பீம்கள், வீடுகளுக்கு வழமையாக எடுக்கப்படும் சதுர மீற்றருக்கு 1.5 கிலோநியூட்டன் (ஏறத்தாழ 150 கிலோ நிறை) சுமையில் ஏறத்தாழ 14 மில்லிமீற்றர் வளைகின்றன. வளைவுக்கு வழமையாக அனுமதிக்கப்படும் எல்லை, நீளத்தை 360 ஆல் வகுத்து வரும் 15 மில்லிமீற்றர். அதாவது தளம் பரீட்சையில் சித்தியடைந்துவிட்டது! எனினும் அந்த எல்லை வளைவுக்கு உரியது, நடக்கும்போது எழும் அதிர்வைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. தன் சொந்தப் பாரத்தில் 8 மில்லிமீற்றர் வளையும் தளம் செக்கனுக்கு ஆறு தடவைக்குச் சற்று மேலாக அதிரும். மனிதர் செக்கனுக்கு இரண்டு காலடி வைக்கிறார்கள், அதன் மூன்று மடங்கும் ஆறுதான்; நடையின் தாளமும் தளத்தின் தாளமும் ஒத்துப்போவதால் ஆட்டம் கூடுகிறது. வீட்டுத் தளத்தின் அதிர்வு செக்கனுக்கு எட்டுத் தடவைக்கு மேலே இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய மர விதிகள் கேட்பது இதனாற்றான் என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

8 அங்குல பீம் போட்டிருந்தால் இரும்பின் நிறை மீற்றருக்கு 15 கிலோவிலிருந்து 25 கிலோ ஆகியிருக்கும், விறைப்போ மூன்று மடங்காகியிருக்கும், அதிர்வு செக்கனுக்குப் பத்துத் தடவையைத் தாண்டி நடையின் தாளத்திலிருந்து விலகியிருக்கும். என் மைத்துனர் அன்றைக்கே அதைத்தான் சொன்னார். அது 2022; டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய மாதங்களில், ஆமர் வீதிப் பக்கம் காலையில் கேட்ட இரும்பு விலை மாலையில் இருக்கவில்லை. கடைக்காரரிடம் "இது தாங்குமா?" என்று கேட்டேன், "யானை ஏறினாலும் விழாது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆடுமா என்று நான் கேட்கவே இல்லை.

சென்ற வாரத் திருத்தத்தில் பீம்களுக்கு இடையே இரண்டு வரிசைகளில் குறுக்குத் துண்டுகள் ஒட்டப்பட்டன. ஒரு பீமில் விழும் மிதியைப் பக்கத்துப் பீம்களும் பகிர்ந்துகொள்வதால் ஆட்டம் பாதியாகக் குறைந்ததுபோல் தோன்றுகிறது. ஆனால் பீமின் நீளமும் உயரமும் மாறவில்லை. கோப்பைகள் இப்போது மெதுவாகக் கிணுகிணுக்கின்றன, அது முன்னையதை விட எரிச்சலூட்டுகிறது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: இரும்பு நல்லது, 8 அங்குலம் மிக நல்லது, ஆனாலும் நீங்கள் தூண் வையுங்கள். நீளம் பாதியானால் வளைவு பதினாறில் ஒன்றாகிவிடும். கூடத்தின் நடுவில் தூண் நின்றால் அசிங்கம் என்று அன்று மேசனோடு வாதாடியவன் நான்தான். அசிங்கமாக நின்றால் நிற்கட்டும், கலண்டர் மாட்டவாவது உதவும்.